கழுத்துக்கு அங்கே புள்ளி இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. இரண்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வகுப்புக்குப் போய்வர நேரமில்லை என்று மகள் என் போனில் ஒரு யோகா செயலி போட்டுக் கொடுத்தாள். 30 நாள் பயிற்சியில் இன்று 22-வது நாள். போனைப் பக்கத்தில் ஸ்டூலில் சாய்த்து வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். கேமரா நம்மைக் கவனித்து, சரியாகச் செய்தால் பச்சை காட்டும். எனக்குப் பெரும்பாலும் பச்சைதான். ஆனாலும் சர்வாங்காசனம் தொடங்கிய வாரத்திலிருந்து கழுத்து வலி. ஒருநாள் விட்டால்கூடக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். எழுபது வயது மாமியாரும் என்னோடு சேர்ந்து செய்கிறார்கள். இதைவிட நல்ல செயலி ஒன்று சொல்லுங்களேன்.
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேறு செயலி சொல்லப் போவதில்லை அம்மா. நாளைக் காலையில் ஆசனமே வேண்டாம். கணக்கு பூஜ்யத்துக்குப் போனால் போகட்டும். அந்த 22 நாளும் உங்கள் உடம்பில் இருக்கிறது, அதைப் போன் அழிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஸ்டூல்தான். மல்லாந்து படுத்துக் காலையும் இடுப்பையும் மேலே தூக்கி நிறுத்துகிற சர்வாங்காசனத்தில் உடம்பின் பாரம் தோளிலும் பின்கழுத்திலும் இறங்குகிறது. அந்த நிலையில் தலையை இம்மிகூடத் திருப்பக் கூடாது என்பது முதல் நாளிலேயே எந்த ஆசிரியரும் சொல்கிற பாடம். நீங்களோ காலை மேலே தூக்கிக்கொண்டு, பச்சை வந்ததா என்று பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கழுத்து வலிக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்துப் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பச்சை காட்டியதே, அப்புறம் ஏன் வலிக்கிறது என்று கேட்பீர்கள். கேமரா வைத்து ஆசனம் திருத்தும் செயலிகள் உடம்பைச் சில புள்ளிகளாகத்தான் பார்க்கின்றன. கூகுள் வெளியிட்ட ஒரு முறையில் மொத்தம் 33 புள்ளிகள். மூக்கு, கண், காது, வாய் என்று முகத்துக்கு மட்டும் 11. அப்புறம் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால், குதிகால், பாதத்தின் நுனி. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு புள்ளிகூடக் கிடையாது. முதுகுத்தண்டு அதன் கணக்கிலேயே வராது. கழுத்துக்கும் தனிப் புள்ளி இல்லை. கையும் காலும் படத்தில் உள்ள கோணத்துக்கு வந்துவிட்டால் பச்சை எரியும். முதுகு கூனியிருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறீர்களா, மூச்சு ஓடுகிறதா என்பதெல்லாம் அந்தப் பச்சைக்குள் அடங்காது.

மூச்சு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாளையங்கோட்டையில் நான் கற்றுக்கொண்ட காலத்தில், திரிகோணாசனம் எனக்கு நன்றாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் மாஸ்டர் பின்னால் வந்து விலாவில் உள்ளங்கையை வைத்தார். "வே, மூச்ச எங்க புடிச்சு வச்சிருக்கீரு? விடும்" என்றார். ஆறு மாதமாக நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்திருக்கிறேன். எனக்கே அது தெரியாது. அந்தக் கை வைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியேதான் செய்துகொண்டிருப்பேன்.

பிரஷர் இருப்பவர் மூச்சை அடக்கக் கூடாது. கபாலபாதி போல வேகமாக மூச்சைத் தள்ளுகிற பயிற்சியும், தலை கீழே போகிற ஆசனங்களும் தாமாகவே செய்யத் தக்கவை அல்ல. உங்கள் செயலி இதைக் கேட்டதா? வயதும் எடையும் கேட்டிருக்கும். மருத்துவரின் ஆலோசனை பெறவும் என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம் வந்திருக்கும், மகள் அதில் சம்மதம் தட்டியிருப்பாள். நாம் எல்லோரும் அப்படித்தான் தட்டுகிறோம். இன்னொன்று, யோகா செய்கிறோமே என்று மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

தூரத்திலிருந்து கற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் யாரும் அப்படிச் சொன்னால் எடுபடாது. நீங்கள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடை வரும். பாய்க்குப் பேர்போன அந்த ஊரில்தான் 1887-ல் சுவாமி சிவானந்தர் பிறந்தார். மலேயாவில் டாக்டராக இருந்தவர், ரிஷிகேசத்துக்குப் போய் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். நேரில் காணாத எத்தனையோ பேருக்குப் புத்தகத்தாலும் கடிதத்தாலும் யோகம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் கடிதத்துக்குப் பதில் கடிதம் உண்டு. இங்கே வலிக்கிறது சுவாமி என்று சீடர் எழுத முடியும், இதை நிறுத்து என்று அவர் திருப்பி எழுத முடியும். உங்கள் போனில் வலிக்கிறது என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறதா, தேடிப் பாருங்கள். இல்லாததால்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கழுத்து தேறியதும் இரண்டு வாரமாவது ஒரு ஆசிரியரிடம் போங்கள். காலையில் முடியாவிட்டால் வீட்டு வேலை ஓய்ந்த சாயங்காலத்தில் போங்கள், வயிறு காலியாக இருந்தால் போதும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில், சிறப்பு மருத்துவம் என்ற பிரிவில் வர்மம், தொக்கணம் என்கிற பிடித்துவிடும் சிகிச்சை இவற்றோடு யோகமும் பாடம். பிரஷர் சீட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒருமுறை போய்க் கேளுங்கள். உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் செயலியை வைத்துக்கொள்ளலாம். நேரத்தை நினைவுபடுத்தவும், வரிசை மறக்காமல் இருக்கவும் அது நல்ல துணை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுச் செய்யுங்கள். பட்டியலில் இல்லாத ஆசனம் வந்தால் சும்மா படுத்திருங்கள். பச்சைக்காக எதையும் செய்ய வேண்டாம்.

உங்கள் மாமியார் விஷயம் இதைவிட அவசரம். 2021 ஜூன் 21-ல், யோகா தினத்தன்று, உலக சுகாதார நிறுவனமும் ஆயுஷ் அமைச்சகமும் சேர்ந்து ஒரு யோகா செயலி வெளியிட்டார்கள். அதையே 12 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு என்றுதான் சொன்னார்கள். எழுபது வயதில் எலும்பு தேய்ந்திருக்கும், வேகமாக முன்னால் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூட வாய்ப்பு உண்டு. தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், கண் அழுத்த நோய் இருந்தால் அது பார்வைக்கே கேடு. பட்டாசலில் கைப்பிடி உள்ள ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதில் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டே கையை உயர்த்தட்டும், விட்டுக்கொண்டே இறக்கட்டும். கணுக்காலைச் சுழற்றட்டும். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

எங்கேயாவது வலிக்கிறதா என்று அவர்களிடம் இன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள். மருமகள் 22 நாளாக ஆசையோடு கூட்டிச் செய்கிறாள் என்பதற்காகவே வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்.