லாக் ஆன பிறகும் ஆட்டம் நிற்கவில்லையே!

கேள்வி: எஃப்.பி.ஜி.ஏ.வில் (சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளும் சிப்) டிஜிட்டல் பி.எல்.எல். (உள்ளே வரும் சிக்னலின் ஃபேஸோடு ஒத்து ஓடி, அதைப் பிடித்து லாக் ஆகும் லூப்) ஒன்று எழுதியிருக்கிறேன். கிளாக் 100 மெகா ஹெர்ட்ஸ், என்.சி.ஓ. (கொடுக்கிற எண்ணுக்கேற்ற அதிர்வெண் தரும் டிஜிட்டல் ஆசிலேட்டர்) 24 பிட், ஃபேஸ் டிடெக்டர் (உள்ளே வரும் சிக்னலுக்கும் என்.சி.ஓ.வுக்கும் உள்ள ஃபேஸ் வித்தியாசத்தை, அதாவது ஃபேஸ் எர்ரரை, அளப்பது) 8 பிட். லாக் ஆகிறது, ஆனால் ஃபேஸ் எர்ரர் ஓரிடத்தில் நிற்காமல் சீராக ஆடிக்கொண்டே இருக்கிறது, ஸ்பெக்ட்ரத்தில் இருபுறமும் கோடுகள். எல்லா இடத்திலும் பிட்டைக் கூட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் சிப்பில் இடம்தான் காலியாகும். முதலில் என்.சி.ஓ.வைப் பாருங்கள். 100 மெகா ஹெர்ட்ஸை 24 பிட்டுக்குப் பங்கிட்டால் ஒரு படி ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸ். உங்களுக்கு வேண்டிய அதிர்வெண் ஒரு படிக்கு 2 ஹெர்ட்ஸ் மேலே இருக்கிறது என்று வையுங்கள். கீழ்ப்படியில் இருக்கும்போது ஃபேஸ் மெல்லப் பின்தங்கும், டிடெக்டரின் ஒரு படி அளவு, அதாவது ஒரு சுற்றில் 256-இல் ஒரு பங்கு, விலகும்வரை லூப்புக்கு எதுவுமே தெரியாது, தெரிந்ததும் மேல்படிக்குத் தாவும், அங்கே 4 ஹெர்ட்ஸ் அதிகம் என்பதால் எதிர்ப்பக்கம் ஓடும். கீழே 2 மில்லிசெகண்ட், மேலே 1 மில்லிசெகண்ட், லூப் தாமதத்தைச் சேர்க்காமல். சராசரி கச்சிதமாக வரும், ஆட்டம் மட்டும் ஓயாது. இதுதான் லிமிட் சைக்கிள். குவாண்டைசேஷன் பிழையை (மதிப்பைப் படிகளில் அடக்குவதால் வரும் பிழை) ஒயிட் நாய்ஸ், அதாவது எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகப் பரவும் இரைச்சல், என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. பிழை ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் அதன் சக்தி பரவாமல் கோடுகளாகக் குவிகிறது.

32 பிட் என்றால் படி 0.023 ஹெர்ட்ஸ். டிடெக்டர் 8 பிட்டாக இருக்கும்வரை ஒரு படி ஆட்டம் மிச்சம் இருக்கும்தான், ஆனால் ரொம்ப மெதுவாகிவிடும், உள்ளே வரும் சிக்னலில் கொஞ்சம் நாய்ஸ் இருந்தாலே கலைந்தும் போகும். நாய்ஸ் நமக்கு உதவுகிற அபூர்வமான இடம்!

அப்புறம், ஆட்டத்தின் சராசரி பூஜ்யத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா? அப்படியென்றால் லூப் ஃபில்டரை, அதாவது எர்ரரிலிருந்து என்.சி.ஓ.வுக்கான எண்ணைக் கணக்கிடும் பகுதியை, சந்தேகப்படுங்கள். இன்டக்ரல் கெயினுக்காக (எர்ரரைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரேட்டரின் பெருக்கம்) எர்ரரை 12 பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்துவிட்டுத்தான் கூட்டுகிறீர்கள் என்றால், 8 பிட் ப்ளஸ் எர்ரர் எதுவானாலும் 0 ஆகிவிடும், மைனஸ் எர்ரர் எவ்வளவு சிறியதானாலும், டூஸ் காம்ப்ளிமென்ட் (மைனஸ் எண்களை பைனரியில் எழுதும் முறை, ஷிஃப்ட் செய்தால் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டும்) ஆச்சே, -1 ஆகும். இன்டக்ரேட்டருக்கு இறங்க மட்டுமே தெரியும். கூட்டிய பிறகு ஷிஃப்ட் செய்யுங்கள், அதாவது அக்யுமுலேட்டரில் (கூட்டுத்தொகையை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) கீழே 12 பிட் கூடுதலாக வைத்து, என்.சி.ஓ.வுக்கு அனுப்பும்போது மட்டும் வெட்டுங்கள். வெட்டிய மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் அடுத்த கிளாக்கில் சேர்த்துக்கொண்டால் அதுவே முதல்தர சிக்மா-டெல்டா (வெட்டிய பிழையை அடுத்தடுத்துச் சேர்த்துச் சராசரியில் ஈடுகட்டும் முறை), பல சமயம் 24 பிட்டே போதுமானதாகிவிடும். அதுவும் தன் பங்குக்குக் கோடு போட்டால் கொஞ்சம் டிதர், அதாவது ஒழுங்கைக் கலைக்க வேண்டுமென்றே கலக்கும் சின்ன நாய்ஸ், சேருங்கள்.

கேள்வி: டிஜிட்டல் பி.எல்.எல்.லில் டி.டி.சி.யின் (நேர வித்தியாசத்தை எண்ணாக மாற்றி ஃபேஸை அளக்கும் சுற்று) நுணுக்கத்தை 20 பிக்கோசெகண்டிலிருந்து 10 ஆக்கினால் என்ன லாபம்?

பதில்: 6 டெசிபெல். 2.4 கிகா ஹெர்ட்ஸ் வெளியீடு, 26 மெகா ஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் (ஒப்பிடப் பயன்படும் கிளாக்) என்றால் ஃபேஸ் நாய்ஸில் (ஃபேஸின் நடுக்கம்) டி.டி.சி.யின் பங்கு சுமார் -95-இலிருந்து -101 டி.பி.சி./ஹெர்ட்ஸுக்கு (கேரியரை ஒப்பிட்டு, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு எத்தனை டெசிபெல்) இறங்கும். ரெஃபரன்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான். இரண்டுமே லூப் பேண்ட்விட்துக்கு (லூப் ஈடுகொடுத்துத் திருத்தக்கூடிய அதிர்வெண் எல்லை) உள்ளே மட்டும். வெளியே ஆசிலேட்டர் வைத்ததுதான் சட்டம்.