பாலக்காட்டில் தாத்தா காலத்துக் கடை: இடித்துக் கட்டப் போகிறார்களாம், என்ன செய்வது?

கேள்வி: பாலக்காடு வலியங்காடியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. 1930களின் கடைசியில் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த தாத்தா வாடகைக்குப் பிடித்தது. ஓட்டுக் கூரை, மர மச்சு. பின்னால் இருக்கும் கிட்டங்கியைத் தாத்தாவே கட்டினார் என்று அப்பா சொல்வார். நாலு மாதம் முன்னால் இடத்தின் சொந்தக்காரர்களான தறவாட்டுக்காரர்கள் (பழைய மலையாளக் கூட்டுக்குடும்பத்தார்) கடை வரிசை மொத்தத்தையும் ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார்கள். அவர் வணிக வளாகம் கட்டப் போகிறார். பாதிப் பேர் பணம் வாங்கிக்கொண்டு காலி செய்துவிட்டார்கள். எங்களிடம் முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார், புதுக் கட்டடத்தில் கடை தருவதாக வாயால் சொல்கிறார். கோயமுத்தூரில் இருக்கும் சித்தப்பா கையெழுத்துப் போடத் தயார். இதற்கிடையில் கட்டடம் ஆபத்தானது என்று நகரசபை நோட்டீஸ் வேறு. தெருவில் சிலர், கல்பாத்தி மாதிரி இதையும் பாரம்பரிய இடமாக அறிவிக்கச் சொல்லி மனு போடலாம் என்கிறார்கள். அது எங்களைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தெருக்காரர்கள் மனு எழுதுவதிலும் கையெழுத்து வாங்குவதிலும் செலவழிக்கும் நேரத்தில் பில்டர் பக்கத்து வக்கீல் உங்கள் கடைக்கான வழக்கைத் தயார் செய்து முடித்திருப்பார்.

கல்பாத்தி அக்ரகாரங்கள் பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டவைதான், அங்கே வீட்டை மாற்றிக் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சுவருக்கும் கூரைக்கும் தெருவின் தோற்றத்துக்கும் உரியது. உள்ளே யார் குடியிருக்கிறார், எவ்வளவு காலமாக வியாபாரம் செய்கிறார் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கே உங்கள் கடை வரிசையைப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்தாலும், சொந்தக்காரர் உங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். நூறு வயதாகிவிட்டது என்பதாலேயே ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்டதாகவும் ஆகிவிடாது, அதற்கு அரசு முறையாக அறிவிக்க வேண்டும். பாலக்காட்டுக் கோட்டையைக் காட்டிச் சிலர் பேசுவார்கள். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 2010-ல் திருத்திய சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். அந்த 300 மீட்டருக்கு வெளியே இருக்கும் கடைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் கடை வெளியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மனு போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், தமிழிலேயே போடலாம், அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் கடையைக் காப்பாற்றுவது 1965-ஆம் ஆண்டு கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் கேட்பது தெருவின் பெருமையை அல்ல, உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்களை.

முதலில் பில்டர் யார் என்று பாருங்கள். வாங்கியவர் பழைய சொந்தக்காரர் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். விற்பனையால் உங்கள் வாடகையுரிமை அழிந்துவிடாது. 11-ஆம் பிரிவில் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்காமல் அவர் உங்களை வெளியேற்ற முடியாது.

என்ன காரணம் காட்டுவார்? தனக்கே இடம் வேண்டும் என்று 11(3)-இன் கீழ் கேட்டால் உங்களுக்கு மூன்று தடுப்புகள் இருக்கின்றன. கிரயப் பத்திரத்தின் தேதியிலிருந்து ஓராண்டு முடியும்வரை அவர் அந்தக் காரணத்தில் மனுவே போட முடியாது, இப்போது நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது. இரண்டாவது, உங்கள் பிழைப்பு முக்கியமாக இந்தக் கடை வருமானத்தில் ஓடுகிறது, அந்த வட்டாரத்தில் தொழில் செய்ய வேறு பொருத்தமான கட்டடம் கிடைக்கவில்லை என்று இரண்டையும் நீங்கள் நிரூபித்தால் மனு தள்ளுபடி. மூன்றாவதுதான் உங்கள் தாத்தா விட்டுப் போனது: 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து வாடகைதாரராக இருப்பவரைச் சொந்தத் தேவை என்ற காரணத்துக்காக வெளியேற்றக் கூடாது என்று 11(17) சொல்கிறது. 1930களின் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாய்ப்பேச்சாக விடாமல் காகிதமாக்க முடிந்தால், வாடகையுரிமை வாரிசு வழியாக வந்தது என்று சொல்லித் தாத்தா, அப்பா காலத்தையும் சேர்த்து வாதிடலாம்.

ஆனால் விவரம் தெரிந்த பில்டர் 11(3) பக்கமே வரமாட்டார். நேராக 11(4)(iv)-க்குப் போவார், அதாவது கட்டடம் புதுப்பித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பார். அங்கே 1940 உதவாது. அங்கே உங்கள் கேள்விகள் வேறு. கட்டடம் உண்மையிலேயே அந்த நிலையில் இருக்கிறதா, அனுமதி பெற்ற வரைபடம் கையில் இருக்கிறதா, கட்டி முடிக்கும் வசதி இருக்கிறதா, அல்லது உங்களை வெளியேற்றுவதற்கு இது ஒரு சாக்கா? இத்தனையும் அவர் நீதிமன்றத்துக்கு நிரூபிக்க வேண்டும். நகரசபையில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்டிஐ) போட்டு அவருடைய கட்டட அனுமதி விண்ணப்பத்தையும் வரைபடத்தையும் வாங்குங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதே பிரிவில்தான் உங்களுக்கு வேண்டியதும் இருக்கிறது. புதுப்பிப்புக்காக வெளியேற்றினால், புதுக் கட்டடத்தில் இடம் பெறும் முதல் உரிமை வெளியேறிய வாடகைதாரருக்கு, நியாய வாடகை கொடுத்து. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் அபராதமும் உண்டு. பில்டர் ஏதோ தன் பெருந்தன்மையால் தருவதுபோல் வாயால் சொல்வது சட்டம் ஏற்கெனவே உங்களுக்குத் தந்திருப்பதைத்தான். அவர் முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா? நீங்களாகவே ஒப்படைத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த முதல் உரிமை உங்களுக்கு வராது. சமாதானமாகப் போக விரும்பினால் போங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் வழக்குப் போடச் சொல்லி அதற்குள் சமரசம் செய்து, தரைத்தளத்தில், ரோட்டைப் பார்த்த மாதிரி, எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள், அதுவரை என்ன நஷ்ட ஈடு என்பதெல்லாம் உத்தரவிலேயே ஏறும்படி செய்யுங்கள். முதல் உரிமை என்று சொல்லும் சட்டம் சதுர அடியைச் சொல்லவில்லை. நாலாவது மாடியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டியைக் காட்டி இதுதான் உங்கள் கடை என்பார்கள், பாத்திரம் வாங்க யார் ஏறி வருவார்?

கிட்டங்கி விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே கனமான வரியாகப் பட்டது. 1963-ஆம் ஆண்டு கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, வணிகத்துக்காக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1967 மே 20-க்கு முன்னால் அதில் வணிகத்துக்கான கட்டடத்தைக் குத்தகைதாரரே கட்டியிருந்தால், அந்த நிலத்திலிருந்து அவரை வெளியேற்ற முடியாது என்கிறது. வாடகை மட்டும் 12 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படலாம். வாரிசுக்கும் இது பொருந்தும். தாத்தா எடுத்தது வெறும் நிலமா, கட்டிய கடையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்கடையோடு பின்னால் கிடந்த காலி மனையையும் தனியாகச் சீட்டெழுதி எடுத்திருந்தால் அந்த மனைக்காவது இந்த வாதம் நிற்கும். கட்டிய கடையை வாடகைக்கு எடுத்து, சொந்தக்காரர் அனுமதியோடு ஒரு தாழ்வாரம் இறக்கினார் என்றால் நிற்காது. இதை நோட்டீசுக்குப் பதிலில் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நிரந்தர உரிமை கோரினால், அந்தக் கோரிக்கை நேர்மையானதா என்று வாடகை நீதிமன்றம் முதலில் பார்க்கும், நேர்மையானது என்று கண்டால் சொந்தக்காரர் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், குத்தகை பற்றிய கேள்வி நிலத் தீர்ப்பாயத்துக்கும் போகும். வழக்கின் போக்கே மாறிவிடும். காகிதத்தைப் பார்த்து ஒரு வக்கீல் முடிவெடுக்கட்டும்.

சரி, காகிதம் எங்கே கிடைக்கும்? பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது, நகரசபையோ 1866-லேயே தொடங்கியது. உங்கள் தாத்தா வந்த காலத்தில் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, கோயமுத்தூர்ச் சரக்கு வந்து இறங்கிய அங்காடி இது, வியாபாரிகளில் பலர் தமிழ் பேசியவர்கள், பலர் கணக்கும் தமிழில் எழுதினார்கள். அதனால் மலையாளத்தில் இல்லையே என்று பழைய பேரேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மொழிபெயர்த்துக் கொடுத்தால் நீதிமன்றம் பார்க்கும். பழைய நகரசபை உரிமம், தொழில்வரி ரசீது, 1939-ஆம் ஆண்டுச் சென்னை விற்பனைவரிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சான்று, மின் இணைப்புக் காகிதம், கடை முகவரிக்கு வந்த தபால் அட்டை, கடைப் பெயர் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் எடுங்கள். கிடைக்காததற்கு நகரசபையின் பழைய வரிப் பதிவேட்டைக் கேட்டு ஆர்டிஐ போடுங்கள், கோழிக்கோட்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்திலும் தேடச் சொல்லுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அங்கே குடிக்கடச் சான்று என்பார்களே, அதை எவ்வளவு பழையதாகக் கிடைக்குமோ அவ்வளவுக்கு எடுங்கள், தறவாட்டுப் பாகப் பத்திரங்களில் உங்கள் தாத்தா பெயர் வாடகைதாரராக எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய கையில் இருந்து வந்தால், அதில் உள்ள கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆகவே லேமினேட் செய்யாதீர்கள், திருத்தாதீர்கள், யாருக்கும் அசலைக் கொடுக்காதீர்கள்.

நகரசபை நோட்டீசைத்தான் பில்டர்கள் குறுக்குவழியாகப் பயன்படுத்துவார்கள். அதைப் படிக்காமல் ஒதுக்காதீர்கள். பழுது பார்க்கவா, இடிக்கவா என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் படத்தோடு அறிக்கை வாங்கி, கொடுத்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள், பழுது பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். உத்தரவு வந்தால் திருவனந்தபுரத்தில் இருக்கும் உள்ளாட்சித் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், அவசரமென்றால் எர்ணாகுளம் உயர் நீதிமன்றம். கடைசியில் இடித்தேவிட்டாலும் எல்லாம் போனதாக நினைக்க வேண்டாம். கட்டடம் அழிந்தால் வாடகையுரிமையும் அழியும் என்று கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்தது, 2014-ல் ஷா ரதன்ஷி கிம்ஜி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள், நகராட்சி இடித்தாலும் நிலத்தின் மேல் வாடகையுரிமை நீடிக்கும் என்றார்கள். இதற்காக மழைக்கு இடிந்து விழும் மச்சுக்கடியில் ஆளை உட்கார வைக்காதீர்கள், உரிமையைவிட உயிர் பெரிது.

அடுத்து நீங்கள் செய்யக் கூடாதவை. கடையைப் பூட்டாதீர்கள், தக்க காரணமில்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் மூடிக் கிடந்தாலே அது தனி வெளியேற்றக் காரணம். கிட்டங்கியை யாருக்கும் உள்வாடகைக்கு விடாதீர்கள். வாடகையை அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பித் திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால் 15 நாளைக்குள் 6 சதவீத வட்டியோடு கட்டிவிடுங்கள். கரண்டையோ தண்ணீரையோ துண்டித்தால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் உடனே மனு. ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை உடைத்து வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் மீண்டும் உள்ளே போக முடியும், ஆகவே கடைக்குள் என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்கே வீடியோ எடுத்து வையுங்கள்.

சித்தப்பாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். தாத்தாவின் வாடகையுரிமை வாரிசுகளுக்குக் கூட்டாக வந்தது. அவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் உங்கள் பங்கு தானாகப் போய்விடாது, ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துப் பில்டர் இரண்டு வருடம் இழுக்கலாம். பணத்தில் அவருக்குப் பங்கு வேண்டும் என்பதுதான் பிரச்சினை என்றால் அதை உங்களுக்குள் எழுதி முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒரே வக்காலத்தோடு பாலக்காட்டிலேயே வாடகை வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலைப் பார்த்து, பில்டர் முந்திக்கொண்டு சிவில் நீதிமன்றத்தில் உங்களைக் கேட்காமலே தடையுத்தரவு வாங்காதபடி கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) ஒன்று போடச் சொல்லுங்கள். அது 90 நாள்தான் செல்லும், முடிந்ததும் மறுபடி போட வேண்டும்.