இல்லாத நாட்டின் மேளம்

அன்புள்ள ஐயா,
நான் எழுதும் நாவல் ஒரு கற்பனைத் தீவில் நடக்கிறது. அந்த மக்களுக்கென்று ஆறு வாத்தியங்களும் நான்கு ஆட்டங்களும் உண்டாக்கி, எல்லாவற்றுக்கும் பெயரும் வைத்துவிட்டேன். படித்த நண்பர்களோ, 'ஒன்றுமே காதில் விழவில்லையே' என்கிறார்கள். எங்கே தவறு?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் வைத்ததோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது.

'பிளாக் பாந்தர்' (2018) படத்தின் வகாண்டாவைப் பாருங்கள். 1966-இல் அமெரிக்கக் காமிக்ஸில் பிறந்த கற்பனை ஆப்பிரிக்க நாடு. படத்துக்கு இசையமைத்த லுட்விக் யோரான்சன் சுவீடன்காரர். அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய்ப் பாடகர் பாபா மாலுடன் சுற்றினார். அங்கே அவருக்குக் கிடைத்தது தாமா. அக்குளில் இடுக்கி, வளைந்த குச்சியால் அடிக்கும் சின்ன மேளம். அழுத்தினால் கயிறுகள் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். உடுக்கை அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே சொல்லக்கூடிய வாத்தியம். யோரான்சன் அதை அரசன் டிசாலாவின் பெயரையே சொல்லவைத்தார். இது அந்த நாட்டு வழக்கம் என்று படத்தில் யாரும் விளக்குவதில்லை. நமக்கே புரிந்துவிடுகிறது.

எதிரி கில்மாங்கருக்கு மேற்கு ஆப்பிரிக்க ஃபுலா இடையர்களின் குழல். மூன்றே துளைகள். ஊதிக்கொண்டே அதற்குள் பேசுவார்கள், கத்துவார்கள். அவன் அமெரிக்காவில் வளர்ந்தவன், அதனால் அடியில் ஹிப்ஹாப் தாளம். ஒரு ஆளின் கதை மொத்தமும் அதில் வந்துவிட்டது.

எனக்கும் ஒரு குறை உண்டு. வெளியுலகுக்குக் கதவடைத்துக்கொண்ட நாட்டில் மேளம் செனகலுடையது, பேச்சு தென்னாப்பிரிக்காவின் கோசா. கண்டத்தின் இரண்டு மூலைகள்! ஆட்டத்தில் அந்த உறுத்தல் இல்லை. அருவிக் காட்சியில் குலங்கள் பாறை விளிம்புகளில் நெருக்கியடித்து நிற்கின்றன. கால் எடுத்துவைக்க இடமில்லை. நின்ற இடத்திலேயே அசைந்து பாடுகிறார்கள். அந்தப் பாறைதான் அங்கே நட்டுவனார்.

சரி, உங்கள் தீவுக்கு வருவோம். அங்கே ஆடு மாடு உண்டா? கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் மேளத்துக்குத் தோல் ஏது? ஹவாய்க்காரர்கள் பஹூ மேளத்துக்குச் சுறாத்தோல் கட்டினார்கள். அந்தச் சுறாவைப் பிடித்தவன் யார், அடிப்பவன் யார், யார் வீட்டுச் சாவுக்கு அது வராது என்று எழுதிப் பாருங்கள். மற்ற ஐந்து வாத்தியங்களையும் அதுவரை பரணில் போட்டுவையுங்கள்.