இறுக்க இறுக்க ஒழுகும் ஸ்டியரிங் ஹோஸ்

கேள்வி: என்னிடம் 2011-இல் வாங்கிய லாரி ஒன்று உள்ளது. எண்ணூர் துறைமுகத்துக்கும் மாதவரத்துக்கும் இடையே சரக்கு ஏற்றி ஓட்டுகிறேன். பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து வரும் ஹோஸ், ஸ்டியரிங் பாக்ஸுடன் சேரும் இடத்தில் நான்கு மாதங்களாக எண்ணெய் கசிகிறது. மூன்று முறை இறுக்கியாயிற்று; ஒரு முறை டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டினார்கள். இரண்டு நாள் நிற்கிறது, பிறகு பழையபடி ஒழுகுகிறது. இப்போது பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?
– லாரி உரிமையாளர், மாதவரம்

பதில்: பாக்ஸை மாற்றும் பேச்சைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதையே இதுவரை யாரும் நிதானமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. பம்பின் தண்டு சீலிலோ, தொட்டியின் அடியிலோ, ஹோஸின் ரப்பரும் இரும்பு முனையும் நசுக்கிச் சேர்க்கப்பட்ட இடத்திலோ கசிந்த எண்ணெய், ஹோஸ் வழியாகவே இறங்கி, தாழ்வான இடத்தில் இருக்கும் நட்டின் மேல் திரண்டு சொட்டுவது வழக்கம். அப்போது பழி நட்டின் மேல் விழுகிறது.

ஆகவே முதலில் பம்பிலிருந்து பாக்ஸ் வரை முழுவதையும் டீசல் தொட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் போனபின் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பவுடர் முதலில் நனையும் இடமே கசியும் இடம். ஸ்டியரிங்கை முழு லாக்கில், அதாவது ஒரு பக்கம் கடைசி வரை திருப்பிய நிலையில், ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. இணைப்பைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. லாரி டயருக்கு 110, 120 பவுண்டு காற்று அடிக்கிறோம். ஸ்டியரிங்கைத் திருப்பும் பாரம் ஏறும்போது இந்த ஹோஸில் அழுத்தம் 1,450 பவுண்டையும், அதாவது 100 பாரையும், தாண்டிவிடும். ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடியது; வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். சந்தேகம் இருந்தால் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கசிவு இணைப்பில்தான் என்று உறுதியானால், அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது எண்ணெயை எது அடைக்கிறது என்பது. நம் பட்டறைகளில் பலர் மரைதான் அடைக்கிறது என்று நினைத்து, வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் செய்வது போல டேப்பையும் நூலையும் சுற்றுகிறார்கள். இந்த வகை இணைப்பில் மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அடைப்பது வாஷரோ, ஓ-ரிங்கோ, ஒன்றோடொன்று பொருந்தி அமரும் கூம்பு முகமோதான். டேப் சுற்றினால் முகங்கள் சரியாக அமராமல் போகலாம். அதைவிட மோசம், பிய்ந்த டேப் துணுக்கு எண்ணெயோடு போய் ஸ்டியரிங் பாக்ஸின் வால்வில் சிக்கிக்கொள்வது. நூலிழை இடைவெளியில் வேலை செய்யும் வால்வு அது. முன்பு சுற்றிய டேப்பை மரையிலிருந்து ஒரு துணுக்கு விடாமல் எடுத்துவிட வேண்டும்.

உங்கள் லாரியில் ஹோஸின் நுனி வளையம் போல இருந்து, நடுவில் துளையிட்ட போல்ட் ஒன்று அதைப் பிடித்திருந்தால் அது பேன்ஜோ இணைப்பு. வளையத்தின் இரு புறமும் ஒவ்வொரு வாஷர் இருக்கும். பெரும்பாலும் தகராறு இங்கேதான். ஒரு முறை நசுங்கிய செம்பு வாஷர் இறுகிப் போய்விடும்; மறுபடி இறுக்கினாலும் முகத்தின் மேடு பள்ளத்துக்கு இணங்கி அமராது. கழற்றும்போதெல்லாம் புது வாஷர் போடுவதே முறை. அவசரத்துக்குப் பழைய செம்பு வாஷரை மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி ஆறவைத்தால் மீண்டும் இளகும் என்பது பழைய ஃபிட்டர்களின் வழக்கம், அது உண்மையும்கூட. ஆனால் சில ரூபாய் வாஷருக்காக அவ்வளவு பாடுபடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புது வாஷர் போடும் முன் வளையத்தின் முகத்தையும் பாக்ஸின் முகத்தையும் நகத்தால் வருடிப் பாருங்கள். வளையத்தில் கீறல் தட்டுப்பட்டால், தட்டையான கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். பாக்ஸின் முகத்தில் அரம் வைக்காதீர்கள். இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் மெக்கானிக் சொன்னதே நடந்துவிடும்.

இணைப்பு கூம்பு வகையாக இருந்தால், கூம்பின் மேல் சுற்றிலும் ஒரே அகலத்தில் பளபளக்கும் வளையத் தடம் தெரிய வேண்டும். தடம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் மறைந்திருந்தால் குழாய் கோணலாக அமர்ந்திருக்கிறது. மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மூன்று முறை இறுக்கியதன் விளைவாக இருக்கலாம், அந்த முனையைக் காப்பாற்ற முடியாது. பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, பிறகு பாக்ஸின் பக்கம் ஒரு ஸ்பேனரும் நட்டில் ஒரு ஸ்பேனருமாகப் பிடித்து, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது.

இவ்வளவும் செய்தபின் இரண்டே மாதத்தில் மீண்டும் கசிந்தால், குற்றம் இணைப்பில் இல்லை, இணைப்பை ஆட்டுவதில் இருக்கிறது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்த பழைய லாரியில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் குலுங்கி ஹோஸை இழுக்கிறது. சேஸியோடு ஹோஸைப் பிடிக்கும் கிளாம்ப் விழுந்துபோயிருந்தால் அந்த இழுப்பு முழுவதும் நட்டுக்குப் போகிறது. பூட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டாலும் இதே கதைதான். அதன்மேல் நீளமாக அச்சிட்ட எழுத்து நேராக ஓடுகிறதா, சுருள்கிறதா என்று பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் நின்றபடியே ஸ்டியரிங்கைத் திருப்பும் பழக்கமும் ஒரு காரணம். வண்டி சிறிதேனும் உருளும்போது திருப்பினால் அழுத்தம் வெகுவாகக் குறையும்.

ஹோஸையே மாற்ற நேர்ந்தால், பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போங்கள். மரை பொருந்தினால் போதும் என்று வாங்காதீர்கள். கூம்பில் 37 டிகிரியும் உண்டு, 45 டிகிரியும் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. அளவுக்கு வெட்டி முனை நசுக்கிக் கொடுக்கும் கடையில் செய்வதானால், உள்ளே கம்பி வலை பின்னிய உயர் அழுத்த ஹோஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பூட்டியபின் முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, தொட்டியை நிரப்பி, எஞ்சினை ஓடவிடாமலே ஸ்டியரிங்கை இரு பக்கமும் பல முறை திருப்புங்கள். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிவர வேண்டும். பிறகு ஐடிலில் ஓடவிட்டு மறுபடி திருப்பினால் மீதிக் காற்று வெளியேறும். தொட்டியில் எண்ணெய் நுரைத்தாலோ, பம்ப் முனகினாலோ, காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

கேள்வி: கசிவால் குறையும் ஸ்டியரிங் எண்ணெய்க்குப் பதிலாக, வழியில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றலாமா?
– ஓட்டுநர், மணலி

பதில்: ஒரு சொட்டும் கூடாது. ஸ்டியரிங் சீல்களின் ரப்பர் கனிம எண்ணெய்க்கு ஏற்றது. வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, அதில் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். ஓரிடத்துக் கசிவு எல்லா இடத்துக் கசிவாகும். கையேட்டிலோ தொட்டி மூடியிலோ குறித்துள்ள எண்ணெயில் ஒரு லிட்டர் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாக்ஸிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஹோஸ் கசிந்தபோது சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். ஓரளவு நிற்கிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: திரும்பும் வழியில் அழுத்தம் குறைவு என்பதால் வீடு வந்து சேர அது உதவியிருக்கும். ஆனால் சைக்கிள் டியூப் எண்ணெயில் ஊறிக் குழைந்துவிடும். அங்கே சொட்டும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஹோஸின் முனை மட்டும் காய்ந்து வெடித்திருந்து, நீளத்திலும் தளர்வு இருந்தால், ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புது கிளிப் போடலாம். குழாய் நுனியில் இருக்கும் புடைப்பைத் தாண்டி ஹோஸை ஏற்றி, கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் அமருமாறு இறுக்குங்கள். அமுக்கினால் ஹோஸ் முழுவதும் கட்டை போல இருந்தால் எண்ணெய்க்கு உரிய புது ஹோஸாக மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் துண்டைப் போட வேண்டாம்.