டிஜிட்டல் எட்டு ட்ராக் ரெக்கார்டருக்கு எந்த கேசட் வாங்குவது, எப்படிக் கையாள்வது?

பழைய அடாட் மெஷின் (எட்டுக் குரலையோ வாத்தியத்தையோ தனித்தனி ட்ராக்கில் பதிகிற டிஜிட்டல் டேப் ரெக்கார்டர்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதில் போட எந்த கேசட் வாங்கலாம், டிஜிட்டல்தானே, எந்த வீடியோ கேசட்டாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். காரைக்குடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். பக்திப் பாட்டு, கும்பாபிஷேக மலருக்கான கேசட், பழநி பாதயாத்திரைப் பாட்டு என்று எல்லாம் எங்களிடம் பதிவாகும். வருகிறவர்களில் பாதிப் பேர் "டிஜிட்டல்தானே" என்பார்கள். இன்றைக்கு அதைக் கேட்டாலும் எனக்கு மனம் பொறுக்காது.

நீங்கள் பெரும்பாலும் மூடிவிட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்துதான் மெஷினை வாங்கியிருப்பீர்கள். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய கேசட்டும் வந்திருக்கும். அதையே அழித்துவிட்டு எழுதலாமே என்று நினைப்பீர்கள். தயவுசெய்து அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் யாருடைய குரல் இருக்கிறதோ, அந்த வீட்டில் வேறு பிரதி இருக்கிறதோ இல்லையோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அலெசிஸ் நிறுவனம் அடாட்டை 1991இல் அறிவித்தது. 1992இல் விற்பனைக்கு வந்தது. எட்டு ட்ராக், 16 பிட். கேசட் மட்டும் வீடியோவுக்கென்று செய்த எஸ்-விஹெச்எஸ். அடுத்த ஆண்டு வந்த டாஸ்காம் டிஏ-88 ஹை-8 கேசட்டில் ஓடும். இரண்டுமே வீடியோ ரெக்கார்டரைப் போலச் சுழலும் ஹெட்டால் (டேப்பில் எழுதிப் படிக்கிற பாகம்) டேப்பில் சாய்வாக எழுதுகிற மெஷின்கள்.

சாதாரண ஆடியோ டேப்பில் காந்தப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்தால் அங்கே ஒலி மங்கும். காது உடனே காட்டிக் கொடுத்துவிடும், நாமும் சுதாரித்துக்கொள்ளலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. உள்ளே பிழைதிருத்தும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கெட்டால் சுத்தமாகத் திருத்திவிடும். அதைவிடக் கெட்டால் முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து ஊகித்து நிரப்பும். அதையும் தாண்டினால் சத்தமே வராது. உள்ளே கரையான் அரித்து வெளியே வார்னிஷ் மின்னும் நிலைக்கதவு எப்படியோ அப்படித்தான் மோசமான டேப்பில் எழுதிய டிஜிட்டல் பதிவும். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். விழுகிற அன்றைக்குத்தான் தெரியும். அதனால் டிஜிட்டலுக்குத்தான் நல்ல டேப் கூடுதலாக வேண்டும் என்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டில் ஐயாவுக்குச் சதாபிஷேகம். வருகிற உறவு முறைக்கெல்லாம் கொடுக்க ஒரு கேசட் போட வேண்டும், அதில் வீட்டு ஆச்சிமார் பாடும் தாலாட்டு இருக்க வேண்டும் என்று பேரன் ஆசைப்பட்டார். நல்ல ஆசை. அந்தத் தாலாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மெட்டு உண்டு, குழந்தையின் கோவில் பெயரும் ஐயாமார் பெயரும் வரிசையாக வந்து விழும். ஆனால் ஆச்சிமார் ஸ்டுடியோவுக்கு வர மாட்டோம் என்றுவிட்டார்கள். "கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு தாலாட்டுப் பாடுனா எந்தப் புள்ளப்பா தூங்கும்?" என்று கேட்டார் மூத்த ஆச்சி. நியாயம்தானே. மெஷின், மிக்சர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் வளவிலேயே, அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய உள்கட்டிலேயே, இறக்கினோம்.

அங்கேதான் சண்டை வந்தது. பேரன் கேசட்டுகளை அவரே வாங்கி வந்திருந்தார். எல்லாம் கல்யாண வீடியோ எடுக்கிற சாதாரண விஹெச்எஸ். "அண்ணே, அதே சைஸ்தான், உள்ள போகுது பாருங்க" என்றார். உள்ளே போகும். எஸ்-விஹெச்எஸ் டேப்பின் காந்தப் பூச்சு வேறு. நுணுக்கமான பதிவைத் தாங்கி நிறுத்தும் வலு அதற்குத்தான் உண்டு. அந்த மெஷினும் அதைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்பட்டது. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். காசு பறிக்கப் பார்க்கிறேன் என்று வளவிலேயே ஒருவர் பேசினார். அது இன்றைக்கும் உறுத்துகிறது. கேசட்டில் எனக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. சென்னையிலிருந்து முறையான கேசட் பஸ்ஸில் வந்து சேரும்வரை காத்திருந்துதான் ஆரம்பித்தேன்.

ஆளுக்கு ஒரு மைக், வளவின் எதிரொலிக்கு மேலே இரண்டு மைக், வீணைக்கும் வயலினுக்கும் பிறகு வாசித்துச் சேர்க்க இரண்டு ட்ராக் காலி. முற்றத்தில் குருவிச் சத்தம் விழுந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்ததும் இன்னொரு அடாட்டில் ஆப்டிகல் கேபிள் வழியாக அப்படியே ஒரு பிரதி எடுத்தேன். எண்ணுக்கு எண் பிரதி, தரம் குறையாது. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு.

பல வருடம் கழித்துப் பேரன் தேடி வந்தார். ஆச்சி தவறிவிட்டார், ஆச்சியின் குரல் மட்டும் தனியாக வேண்டும், கிடைக்குமா என்றார். அவர்கள் வீட்டுப் பிரதி உள்வீட்டில் ஒரு தகரப்பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஒழுகிய ஈரம் போய் டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். என்னுடைய பிரதியைப் போட்டோம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஊகித்து நிரப்புகிற அடையாளம் ஒரு தடவைகூட எரியவில்லை. ஆச்சியின் ட்ராக்கை மட்டும் திறந்துவிட்டேன். அவர் மூச்சு இழுப்பதுகூட அப்படியே இருந்தது. அன்றைக்கு வளவில் என்னோடு சண்டை போட்ட அதே தம்பிதான் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு மலிவான டேப்பில் பதிந்திருந்தால் ஆச்சி நமக்கு இல்லை.

இனி வாங்கும் விஷயம். புது கேசட் என்று எதுவும் இன்று தயாராவதில்லை. அடாட்டுக்கென்றே ஆம்பெக்ஸ் 489 என்று ஒரு கேசட் வந்தது, பின்னால் குவாண்டிஜி என்ற பெயரில். அந்த நிறுவனமும் 2005 ஜனவரியில் ஆலையை மூடியது. விஹெச்எஸ் மெஷின் செய்துகொண்டிருந்த ஃபூனாய் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே பிரிக்காத பழைய சரக்குதான் உங்களுக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் உறை பிரியாமல், பெட்டியில் ஈரக்கறை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே வகையாகச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கேசட்டில் எஸ்இ-180 என்று போட்டிருக்கும். அமெரிக்கச் சரக்கில் எஸ்டி-120 என்று இருக்கும். 180தான் நீளம் என்று நினைப்பார்கள். இல்லை. சிங்கப்பூர், மலேசியா டிவி முறையில் டேப் மெதுவாக ஓடும், அதனால் ஏறக்குறைய அதே நீளத்துக்கு 180 நிமிடம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அடாட்டில் டேப் இன்னும் வேகமாக ஓடும் என்பதால் இரண்டிலுமே 40 நிமிடத்தை ஒட்டித்தான் பதிவாகும். எஸ்டி-180 என்று அமெரிக்க அளவில் வருவது வேறு; அது மெல்லிய டேப், இழுபடும். நான் தொட மாட்டேன். ஹை-8இலும் இதே கதைதான்: சிங்கப்பூர் பக்கத்து பி5-90ம் அமெரிக்க பி6-120ம் ஏறக்குறைய ஒரே நீளம். ஹை-8இல் எம்பி (உலோகத் துகள் பூசியது), எம்இ (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தது) என்று இரண்டு வகை உண்டு. முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப ஓட்டி வேலை செய்கிற மல்டிட்ராக்குக்கு எம்பிதான் தாங்கும் என்பது என் அனுபவம். எம்இயில் நன்றாக வேலை செய்தவர்களும் இருப்பார்கள், அவர்களோடு வாதாட வரவில்லை.

கையாளும்போது: புது கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். பிறகு முழு டேப்பையும் ஒரே மூச்சில் ஃபார்மட் செய்யுங்கள், அதாவது மெஷின் தன் நேரக் குறிகளை டேப்பில் எழுதிப் பதிவுக்குத் தயார் செய்யட்டும். பாடகரை நிற்க வைத்துக்கொண்டு பதிவோடு பதிவாக ஃபார்மட் செய்கிற அவசரம் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அதோடு போயிற்று. ஒலியை எண்ணாக்கும் வேகம் (சாம்பிள் ரேட்) 44.1 கிலோஹெர்ட்ஸா 48ஆ என்று அப்போதே முடிவு செய்து லேபிளில் எழுதுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் பாட்டு எதுவும் வைக்காதீர்கள். டேப் ஹெட்டில் ஏறி இறங்கும்போது கசங்குவது அந்த இடத்தில்தான். அதே காரணத்தால் பாட்டின் நடுவே எஜெக்ட் செய்யக் கூடாது, ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டு எடுங்கள். பேசிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் டேப்பை ஹெட்டில் ஒட்டிச் சுழல விடுவதும் தவறு. ஏசி அறையிலிருந்து ஐப்பசி மழை ஈரத்துக்குக் கொண்டுவந்த மெஷினையும் கேசட்டையும் உடனே ஓட்டாதீர்கள், வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். வைக்கும்போது நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்துருண்டை துணிக்கு.

பூசணம் பிடித்ததைத் தெரியாமல் மெஷினில் போட்டால் அது ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும். உலர வைத்து, ஓரத்தை மென்மையாகத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, அதற்கென்று ஒதுக்கிய மெஷினில்தான் ஓட்ட வேண்டும். பழைய டேப்பை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வகை டேப்புக்கு நான் அதைச் செய்ததில்லை, செய்யவும் சொல்ல மாட்டேன்.

"கம்ப்யூட்டர் இருக்கும்போது எதற்கு இதெல்லாம்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: புதுப் பதிவுக்குக் கம்ப்யூட்டரே போதும், நானும் அதில்தான் செய்கிறேன். ஆனால் கேட்டவரிடம் இருப்பது அடாட், நம் பக்கத்து வீடுகளில் இருப்பதும் அந்தக் காலக் கேசட்டுகள்தான்.

வீடுகள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் சொன்ன அதே வீட்டைப் பிறகு ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பர்மா தேக்குத் தூணில் லைட் கட்ட ஆணி. போகும்போது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையாம். வாடகை கொடுத்தால் ஆணி அடிக்கலாம் என்று யார் சொன்னது? அந்தச் சுவரை மறுபடி இழைக்கத் தெரிந்த கொத்தனாரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் மெஷின் எந்த மாடல் என்று எழுதுங்கள். முதலில் வந்த 16 பிட் வகையா, பின்னால் வந்த 20 பிட் வகையா? 20 பிட் மெஷின் பழைய 16 பிட் கேசட்டைப் படிக்கும். 20 பிட்டில் பதிந்த கேசட்டை முதல் வகை மெஷின் படிக்காது. அந்த அட்டைப்பெட்டியில் எந்த வகை இருக்கிறது என்று லேபிளைப் பார்த்துச் சொன்னால், எதை எதில் போடலாம் என்று சொல்கிறேன்.