ஒரே தொட்டி, ஒரே ரத்தம்

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஆண், இரண்டு பெண் என்று மூன்று கப்பி மீன்கள் வாங்கினேன். அப்புறம் வெளியிலிருந்து ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. இப்போது முதுகு வளைந்த குஞ்சுகள் வருகின்றன. ஈற்றுக்கு முப்பது போட்ட இடத்தில் பத்துகூட இல்லை. சொந்தத்துக்குள்ளேயே சேர்வதுதான் காரணமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அதுதான். கப்பி மூன்று மாதத்தில் குஞ்சு போடத் தயாராகிவிடும், அதனால் மூன்று வருடம் என்பது உங்களுக்குச் சின்னக் காலம், தொட்டிக்கு எட்டு பத்து தலைமுறை. ஒவ்வொரு மீனிடமும் வெளியே தெரியாத குறைகள் சில ஒளிந்திருக்கும், அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் ஒரே குறை வந்து சேரும்போதுதான் அது உடம்பில் தெரியும். கூடப் பிறந்தவற்றையே தொடர்ந்து சேர்த்தால், ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு முதல் தலைமுறையில் 25 சதவீதம், மூன்றாவதில் 50. தொட்டியில் நிறைய மீன் இருக்கிறதே என்று தெம்பாக இருக்க முடியாது, ஏனென்றால் ஒரு ஆணும் ஒன்பது பெண்ணும் இருந்தால் எல்லாக் குஞ்சுக்கும் அப்பா ஒன்றுதான், மரபுக் கணக்கில் அது நான்கு மீனுக்கும் குறைவு.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிறக்கும்போதே வளைவா, நேராக இருந்த பெரிய மீன் மெலிந்து அப்புறம் வளைகிறதா? இரண்டாவது என்றால் மீன்களுக்கு வரும் காசநோயாக இருக்கலாம். அது கைக்காயம் வழியாக நமக்கும் தொற்றும், எனவே கையுறை இல்லாமல் தண்ணீரில் கை விடாதீர்கள், புது மீனும் இப்போது வேண்டாம்.

அந்தச் சந்தேகம் இல்லை என்றால், ஆட்டுக்குக் கிடா மாற்றுவது மாதிரிதான், வேறு ஊரிலோ வேறு வளர்ப்பவரிடமோ இரண்டு மூன்று ஆண்களை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் அவையும் அண்ணன் தம்பிகளாகவே இருக்கலாம். வாங்கியதும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு அன்றைக்கே விட்டு, வெள்ளைப்புள்ளி நோயில் பாதித் தொட்டியை இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். பெரிய பெண்களோடு புது ஆணை விட்டாலும் பழைய அப்பாவின் குஞ்சுகளே கொஞ்ச காலம் வந்துகொண்டிருக்கும், உடனே பலன் தெரியாது. அதனால் மூன்று நான்கு வாரக் குஞ்சிலேயே, வயிற்றடியில் கரும்புள்ளி தெரிகிற பெண்களைப் பிரித்து வளர்த்து, அவற்றோடு புது ஆண்களைச் சேருங்கள். முதல் ஈற்றில் நிறம் கலைந்துபோகலாம், பரவாயில்லை. அதன்பின் இரண்டு தொட்டிகளாகப் பிரித்துவைத்து, சில தலைமுறைக்கு ஒருமுறை ஆண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வளைந்த குஞ்சுகளைக் கொல்ல வேண்டாம், தனியே வைத்துக்கொண்டால் அவை பாட்டுக்கு வாழும், இனம் பெருகாமல் பார்த்துக்கொண்டால் சரி. மிஞ்சியவற்றை வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே அவை பல்கிப் பெருகி, நம் ஊர்ச் சின்ன மீன்களின் இரையையும் முட்டையையும் தின்றுவிடும்.