வலது ஓரத்துச் சின்ன வட்டம் – கடிதம்

வணக்கம் அய்யா,

சோலார் மின்மாற்றத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பேனலிலிருந்து எப்போதும் உச்சத் திறனை எடுக்கும் எம்.பி.பி.டி. முறைக்குப் புதிய அல்காரிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். சிமுலேஷனில் உச்சத் திறனைப் பிடிக்கும் செயல்திறன் 99.1 சதவீதத்திலிருந்து 99.4 ஆகியிருக்கிறது. கைடு தொடரச் சொல்கிறார். எனக்கோ இதனால் யாருக்கு என்ன பயன் என்ற சோர்வு. தலைப்பை மாற்றலாமா? பேசாமல் மென்பொருள் வேலைக்குப் போய்விடலாமா? பெரிய கண்டுபிடிப்புகளின் காலமே முடிந்துவிட்டதா? சர்க்யூட் வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

சோர்வு நல்ல அறிகுறி. அந்த 0.3 சதவீதத்தைப் பார்த்து நீங்கள் பூரித்துப்போயிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். மென்பொருள் வேலையைப் பற்றி வீட்டில் பேசுங்கள். கண்டுபிடிப்புகளின் காலம் முடிந்ததா என்பது வெட்டிப்பேச்சு.

எம்.பி.பி.டி.க்கு வருவோம். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் நகர்த்து. திறன் கூடினால் அதே பக்கம் போ, குறைந்தால் திரும்பு. தெளிந்த வானத்துக்கு இந்தப் பழைய முறையே போதும். பேனலில் பாதி நிழல் விழுந்தால் பல உச்சிகள் தோன்றி ஏமாற்றும், உண்மைதான். அதைச் சாக்கிட்டு, பிராணிகளின் நடத்தையைப் பார்த்து எழுதிய அல்காரிதங்கள், சாம்பல் ஓநாய், திமிங்கிலம், வௌவால், குயில் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே ஆய்வேடுகளுக்குள் குடியேறிவிட்டது. உங்களுடையது எந்தப் பிராணி என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தேன். பேனலின் ஒவ்வொரு டயோடையும் வரைந்திருக்கிறீர்கள். வலது ஓரத்தில் ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒரு அலைக்குறி, பக்கத்தில் 'கிரிட்', அதாவது ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் வலைப்பின்னல். உங்கள் வரைபடத்தில் அந்த வட்டத்துக்குள் எவ்வளவு மின்னோட்டத்தைத் தள்ளினாலும் அழுத்தம் அசையாது, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை விட்டு நகராது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

கல்லூரியில் ஜெனரேட்டரை கிரிட்டோடு இணைக்கும் சோதனை ஒன்று உண்டு. ஸ்விட்சின் குறுக்கே மூன்று பல்புகள். மூன்றும் சேர்ந்தே பிரகாசிக்கும், சேர்ந்தே மங்கும். வேகத்தைச் சரிசெய்யச் சரிசெய்ய அந்த ஏற்ற இறக்கம் நிதானமாகும். முழுக்க அணையும் கணத்தில் ஸ்விட்சைப் போட வேண்டும். என் பேட்ச் பையன் ஒருவன் பொறுமையிழந்து பல்புகள் எரியும்போதே போட்டுவிட்டான். மெஷின் ஓர் உறுமல் உறுமியது, தரை அதிர்ந்தது, ஃபியூஸ் போனது. லேப் உதவியாளர் திட்டவில்லை. "அந்தப் பக்கம் இருக்கிறது உன் மெஷினைவிடப் பெரிசு தம்பி" என்று சொல்லிவிட்டு ஃபியூஸ் மாற்றப் போனார்.

அன்றைக்கு அது சரி. அந்தப் பக்கம் இருந்தது மின்நிலைய ஜெனரேட்டர்களில் டன் கணக்கில் சுழலும் இரும்பு. எங்கோ ஒரு நிலையம் விழுந்தால், முதல் சில விநாடிகளுக்கு அந்தச் சுழற்சியில் இருக்கும் ஆற்றலே அதிர்வெண் மளமளவென்று சரியாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த இரும்பு ஒவ்வொன்றாக ஓய்வுபெறுகிறது. அந்தப் பக்கமும் உங்களுடையதைப் போன்ற, பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர்கள்தான் வந்து நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிரிட்டின் அலையைப் பார்த்துப் பின்தொடர்பவை. அந்த அலையே தடுமாறும்போது என்ன செய்யும்?

2016 ஆகஸ்டில் தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்பாதைகளில் பழுது ஏற்பட்டது. ஏறக்குறைய 1,200 மெகாவாட் சோலார் உற்பத்தி சட்டென்று நின்றது. அதில் பெரும்பங்கு எப்படிப் போனது தெரியுமா? உண்மையான அதிர்வெண் அமெரிக்காவின் வழக்கமான 60 ஹெர்ட்ஸை விட்டு அதிகம் விலகவேயில்லை. பழுதின்போது ஒரு நொடிக்குள் குலைந்த அலையை அளந்த இன்வெர்ட்டர்கள், அதிர்வெண் படுத்துவிட்டது என்று தப்பாக நினைத்துக் கழன்றுகொண்டன. அப்போது எம்.பி.பி.டி.யின் செயல்திறன் 99.4 ஆக இருந்தால் என்ன, 100 ஆக இருந்தால்தான் என்ன!

ஜெர்மனியில் இன்னொரு கூத்து. அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் இன்வெர்ட்டர் விலக வேண்டும் என்று விதி. கொஞ்சம் பேனல்கள் இருந்தவரை தொந்தரவில்லை. எண்ணிக்கை பெருகியதும், எல்லாம் ஒரே நொடியில் விலகினால் கிரிட்டின் கதி என்ன என்று விழித்துக்கொண்டு, 2012-இல் புது விதி போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. ஜெனரேட்டரின் சமன்பாடுகளையே இன்வெர்ட்டருக்குள் ஓடவிட்டு, அதைத் தானே அலையை உருவாக்கச் செய்யும் 'சிங்க்ரோன்வெர்ட்டர்' பற்றி ஜோங், வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். ஆனால் சமன்பாட்டைக் கடன் வாங்கலாம், இரும்பின் தாங்குசக்தியை வாங்க முடியாது. பழுதின்போது ஜெனரேட்டர் தன் அளவைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் தரும். இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் ஒன்றரை மடங்கிலேயே மூச்சுத் திணறும். உள்ளே ஓடும் சமன்பாடு 'இன்னும் கொடு' என்னும், பாதுகாப்பு 'நிறுத்து' என்னும். இந்தச் சண்டையில் இன்னும் ஏகப்பட்ட வேலை மிச்சமிருக்கிறது. இதை விட்டுவிட்டு ஓநாயோடு உட்கார்ந்திருக்கிறீர்களே!

சரி, ஒன்று செய்யுங்கள். அல்காரிதத்தைத் தொடாதீர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்கு முன்னால் ஒரு மின்தூண்டியைப் போட்டு, குறுக்குச்சுற்று விகிதம் (இன்வெர்ட்டரின் அளவோடு ஒப்பிட்டால் கிரிட் எவ்வளவு வலுவானது என்ற கணக்கு) 1.5-க்கு வரும்வரை கிரிட்டைப் பலவீனமாக்குங்கள். அப்புறம் 150 மில்லிவிநாடிக்கு ஒரு பழுது கொடுத்து விலக்குங்கள். வரும் அலைவடிவத்தைக் கைடிடம் காட்டும் முன் எனக்கு அனுப்பி வையுங்கள். தலைப்பை மாற்றுவதைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.